உலகம் வேகமாக மாற மாற, பழைய நாட்கள் மேல் ஏக்கம் ஏன் கூடுகிறது?

சுற்றியுள்ள எல்லாம் மாறும்போது, மாறாத ஒன்றைப் பற்றிக்கொள்ள மனம் தேடுகிறது. கடந்த காலம் மாறாது, அதனால் அங்கே போகிறது. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதைப் போன்ற ஓர் ஏக்கத்தை, அதாவது சொந்த ஊரைப் பிரிந்தவர்களின் ஏக்கத்தை, ஒரு நோயாகவே எழுதிவைத்தார். இன்று பார்வை வேறு. தனிமை உணர்வு ஏக்கத்தைத் தூண்டுகிறது, அந்த ஏக்கமே 'எனக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்' என்ற தெம்பைத் தருகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் தங்கள் ஆய்வுகளில் கண்டார்கள்.

சரி, அந்தக் காலம் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்ததா? இங்கே நினைவை முழுதாக நம்ப முடியாது. கசப்பான சம்பவங்களின் வலி, இனிய சம்பவங்களின் மகிழ்ச்சியைவிடச் சீக்கிரம் மங்கிவிடும். அப்புறம், நடுவயதைக் கடந்தவர்களுக்குச் சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் நினைவுக்கு வரும். முதல் வேலை, முதல் காதல், உயிர்த்தோழர்கள் எல்லாம் பெரும்பாலும் அந்த வயதில் வந்தவை அல்லவா? நம் ஏக்கத்தில் பெரும்பங்கு அப்போது உடனிருந்தவர்களுக்கானது என்றே நினைக்கிறேன். அவர்களில் யாராவது இன்னும் தொடர்பில் இருந்தால், தயவுசெய்து கூப்பிட்டுப் பேசுங்கள்.