295 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: நாங்கள் இருப்பது காரைக்குடி. ஒரு கல்யாணத்துக்காக எண்பது வயது அப்பத்தாவை விமானத்தில் சென்னைக்கு அழைத்துப் போக நினைக்கிறோம். திருச்சி–சென்னை சுமார் 295 கி.மீ., 25 நிமிடம் என்கிறது ஒரு இணையதளம். டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம் என்று இருக்கிறது. எதை நம்புவது? மதுரையிலிருந்து போனால் தேவலையா?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். இணையதளம் சொல்வது வரைபடத்தில் நேர்கோடு இழுத்து, ஜெட் விமானத்தின் முழு வேகத்தால் வகுத்த கணக்கு. ஏடிஆர் ரகம் (விசிறி சுழலும் சின்ன விமானம்) என்றால் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான்; அந்த நேர்கோட்டுக்கே 35 நிமிடம் பிடிக்கும். தவிர, ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த விமானமும் முழு வேகத்தில் போகாது. சென்னையில் இறங்க வரிசை இருந்தால் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டியதுதான்.

டிக்கெட்டில் இருப்பது 'பிளாக் டைம்'. திருச்சியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து, சென்னையில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் அதில் சேர்த்திதான்.

மதுரை–சென்னை நேர்கோட்டில் 415 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட. காரைக்குடியிலிருந்து சாலை வழியாக இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தூரம், 90 கி.மீ. சுமார். ஆனால் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது; திருமயம், புதுக்கோட்டை வழியாக வந்தால் ஊருக்குள் நுழையாமலே இறங்கிவிடலாம். மதுரையிலோ நிலையம் ஊருக்குத் தெற்கே. மேலூர் வழியாக வந்து சுற்றிப் போக வேண்டும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் திருச்சியே மேல். (செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

இன்னொன்றையும் யோசியுங்கள். காரில் இரண்டு மணி, நிலையத்தில் இரண்டு மணி, விமானத்தில் ஒரு மணி, பெட்டி வர அரை மணி. பல்லவன் ரயில் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் எழும்பூரில் விட்டுவிடும். மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். அப்பத்தாவுக்கு விமானம் பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் போங்கள்; முன்பதிவிலேயே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள்.

அந்த '1 மணி 5 நிமிட'த்துக்குப் பண மதிப்பும் உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பிளாக் டைம் ஒரு மணிக்குள் இருக்கும் தடத்துக்கு இழப்பீடு 5,000 ரூபாய் வரை. ஒரு மணியைத் தாண்டி இரண்டு மணி வரை என்றால் 7,500 வரை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம், இது தனி. புயல், மழை போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.

ஆனால் முன்பதிவில் சரியான தொடர்பு எண் கொடுக்காதவருக்கும் இழப்பீடு இல்லை என்பது விதி. டிராவல்ஸ்காரர் டிக்கெட் போட்டால் பெரும்பாலும் தன் எண்ணையே போட்டுவிடுவார்; ரத்து என்று வரும் குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் எண் ஏறியிருக்கிறதா என்று திரையிலேயே பாருங்கள். தகராறு என்றால் முதலில் விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள், அப்புறம் 'ஏர்சேவா' தளம், அல்லது நுகர்வோர் உதவி எண் 1915.