நுரையீரலில் தழும்பு: பழைய எக்ஸ்ரே எங்கே?

கேள்வி: வயது 61. பர்மாவில் பெகு நகரில் அரிசி மில்லில் வேலை பார்த்தவன். 2004இல் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டேன். போன மாதம் மூன்று வாரம் இருமல். யங்கோனில் சிடி ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ‘பைப்ரோசிஸ்’, சுண்ணாம்புப் படிவு என்று எழுதியிருக்கிறார்கள். இருமல் நின்றுவிட்டது. டிபி திரும்பிவிட்டதா? பைப்ரோசிஸ் என்றால் சில வருடம்தான் என்கிறான் மகன்.

பதில்: பைப்ரோசிஸ் என்றால் தழும்பு, அவ்வளவுதான். உங்கள் மகன் சொல்வது அதே பெயரில் வரும் வேறு வியாதியைப் பற்றி ஐயா. அது பெரும்பாலும் இரண்டு நுரையீரலிலும் அடிப்பக்கம் தொடங்கி, வருடாவருடம் பரவும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அதன் வேகத்தைக் குறைக்க மருந்து உண்டு. உங்களுக்கு இருப்பது ஒரே பக்கம், மேலே, சுண்ணாம்போடு. காசநோய் ஆறிய இடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புயத்தில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதல்லவா, அது மாதிரி. கரைக்க மருந்தில்லை, தேவையும் இல்லை.

ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, தழும்பு அப்படியே இருக்கிறதா வளர்கிறதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. 2004இல் எடுத்த எக்ஸ்ரே வீட்டில் இருக்கிறதா? பீரோவுக்கு மேலே, பாய்க்கு அடியில் எங்கேயாவது கிடக்கும், தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாற்றம் இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. கிடைக்காவிட்டால் இந்த ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள். சில மாதம் கழித்து எடுக்கும் படத்துக்கு இதுதான் அளவுகோல்.

மூன்று வாரம் இருமியதால் சளிப் பரிசோதனை அவசியம். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை மட்டும் போதாது: முன்பு மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சில சமயம் செத்த கிருமியின் எச்சத்தையும் அது காட்டிவிடும். உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் கேளுங்கள், முடிவு வர 6 முதல் 8 வாரம் ஆகலாம். அதுவரை கடையில் டிபி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகும்.

சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். பழைய காச நோயின் குழியில் பூஞ்சை பிடித்தாலும் ரத்தம் வரும்.

மில் தூசியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் புறா வளர்த்தால் அதையும். அதன் எச்சத் தூசியே சிலருக்கு நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். சுருட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பிடிக்கிறீர்கள் என்றால், இன்றோடு நிறுத்துங்கள்.