ஜெயித்த பணத்தைத் தர மறுக்கிறார்கள், என்ன செய்யலாம்?

ஆன்லைன் பந்தயத் தளங்களில் சிக்கிக்கொண்ட பணம் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறேன். பல கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரோடு வந்திருக்கிறது. பொதுவாகப் பயன்படக்கூடிய நான்கை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஐ.பி.எல். சமயத்தில் டெலிகிராமில் வந்த லிங்க் மூலமாக ஒரு கிரிக்கெட் பெட்டிங் சைட்டில் சேர்ந்தேன். முதலில் 500, 1,000 என்று போட்டு எடுத்தேன், பணம் உடனே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக 60,000 வரை போட்டேன். இப்போது கணக்கில் 2,40,000 ரூபாய் நிற்கிறது. எடுக்கப் போனால் 'பெண்டிங்' என்றே காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் பேசும் கஸ்டமர் கேர்காரர், 'கவர்மெண்ட் டாக்ஸ் 30 சதவீதம், 72,000 ரூபாய் முதலில் கட்டுங்கள், அரை மணி நேரத்தில் ரிலீஸ் ஆகிவிடும்' என்கிறார். மனைவியின் செயினை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? சைட்டில் குராசாவ் லைசென்ஸ் முத்திரை இருக்கிறது. தராவிட்டால் கேஸ் போடலாமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: செயினை வைக்காதீர்கள் தம்பி. இதைப் படிக்கும்போதே அந்த ஆளுக்கு 'நாளைக்குக் கட்டிவிடுகிறேன்' என்று சொல்லி வைத்திருந்தால், அதையும் மறந்துவிடுங்கள்.

ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம் வரிப் பிடித்தம் என்பது உண்மைதான். 2023 ஏப்ரலிலிருந்து அந்த விதி இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் உங்களை நம்ப வைக்கிறார்கள். டி.டி.எஸ். என்றால், பணம் கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். உங்கள் பான் எண்ணில் அது ஏறும், வருமான வரித் துறைத் தளத்தில் நீங்களே பார்க்கலாம். வாங்குகிறவர் முன்கூட்டி இன்னொருவருடைய யு.பி.ஐ. ஐ.டி.க்கு அனுப்புவது வரியே அல்ல. அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: '72,000-ஐ நீங்களே பிடித்துக்கொண்டு 1,68,000 மட்டும் அனுப்புங்கள்.' அதற்கு ஒழுங்கான பதில் வராது. 'சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை' என்பார்கள்.

என்னிடம் வந்த வாட்ஸ்அப் உரையாடல்களில் அடுத்த கட்டத்தையும் பார்த்திருக்கிறேன். வரி கட்டிய மறுநாள் ஜி.எஸ்.டி. கேட்பார்கள். அதையும் கட்டினால் 'கணக்குச் சரிபார்ப்பு டெபாசிட்' என்று ஒன்று வரும். அவசரப்படுத்த ஒரு கெடுவும் வைப்பார்கள். முதலில் 500 ரூபாய் உடனே திரும்பி வந்ததும் இதற்காகத்தான். அந்த 2,40,000 திரையில் தெரிகிற எண் மட்டுமே. அது உங்கள் பெயரில் எங்கும் பணமாக இல்லை. உங்களிடமிருந்து போன 60,000 மட்டுமே நிஜமான பணம்.

அடுத்து, கேஸ். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லும் தொகைக்கோ, பந்தய முடிவுக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்த தொகைக்கோ வழக்குப் போட முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் சின்ன விலக்கு உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் இதே தடைதான் குறுக்கே நிற்கும் என்பது என் கருத்து. இதற்கு மேல் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு நடத்துவதையே குற்றமாக்கிச் சட்டம் நிறைவேற்றியது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்த நிலையில் 'ஜெயித்ததைத் தா' என்று இங்கே எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

குராசாவ் என்பது கரீபியன் கடலில் உள்ள சின்னத் தீவு. பல ஆண்டுகளாக அங்கே ஒரு சில தலைமை உரிமங்களின் கீழ் ஏராளமான தளங்கள் துணை உரிமம் வாங்கி ஓடின. ஆட்டக்காரர் புகார் கொடுத்தால் கேட்க ஆளில்லை என்ற கெட்ட பெயரும் சேர்ந்தது. 2024 டிசம்பரில்தான் புதுச் சட்டம் வந்தது. நிஜமான உரிமம் என்றால் அந்த முத்திரையைத் தொட்டதும் உரிமம் கொடுத்தவரின் பக்கம் திறந்து, நீங்கள் ஆடும் தளத்தின் முகவரி அதில் இருக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள். அது ஒட்டி வைத்த படமாக இருந்தால் ஒன்றும் நடக்காது.

செய்ய வேண்டியது இது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இன்றே கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் இருக்கும். ஜிபேயில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் கீழே கிடைக்கும். தேதி, தொகை, யாருடைய பெயருக்குப் போனது என்பதோடு அதை எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஏதோ 'டிரேடர்ஸ்', 'என்டர்பிரைசஸ்' என்றுதான் பெயர் இருக்கும், அது முக்கியமான தடயம். நேற்று, முன்தினம் அனுப்பிய தொகையை வழியில் நிறுத்த ஓரளவு வாய்ப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு முன் போனதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

'நான் ஆடியது தப்பாயிற்றே, போலீஸில் எப்படிச் சொல்வது' என்று தயங்குவீர்கள். மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2025 மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. புகாரில் 'கடன் கொடுத்தேன்', 'துணி வாங்கினேன்' என்று கதை கட்டாதீர்கள். வரி என்று பொய் சொல்லிப் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் உங்கள் புகார். அது மோசடி, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வருகிறது. பக்கத்தில் ஒரு வக்கீலை வைத்து எழுதிக் கொடுத்தால் உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: என் மகன் பெட்டிங் ஆப்பில் 18,000 ரூபாய் ஜெயித்து, பணமும் வந்துவிட்டது. பத்து நாளில் அவன் சம்பளக் கணக்கையே பேங்கில் முடக்கிவிட்டார்கள். வேறு மாநில சைபர் போலீஸ் என்கிறார்கள். ஈ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகிறது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை. என்ன செய்வது அம்மா?
— ஒரு தாய், கரூர்

பதில்: பணம் வராதது ஒரு வகைத் துன்பம் என்றால், வந்த பணத்தால் வருவது அதைவிடப் பெரிய துன்பம். இந்தத் தளங்கள் தங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்து பரிசுப் பணம் அனுப்புவதில்லை. வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து அனுப்புகின்றன. அதே கணக்கில் எங்கேயோ ஏமாந்த ஒருவரின் பணமும் விழுந்திருக்கும். அவர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன வழியெல்லாம் போலீஸ் நிறுத்தச் சொல்கிறது. உங்கள் மகன் கணக்கும் அந்த வழியில் இருந்திருக்கிறது.

கிளை மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எவ்வளவு தொகை சந்தேகத்தில் இருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் வைத்த நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்குக் கணக்கு அறிக்கை, ஆப்பின் ஸ்க்ரீன்ஷாட், சம்பளச் சீட்டு இணைத்து மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். அந்த 18,000-ஐ மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதிக் கணக்கை விடுவிக்கும்படி கேளுங்கள். அந்தத் தொகையைத் தொட மாட்டோம் என்றும் எழுதுங்கள்.

குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 106-வது பிரிவின் கீழ் சொத்தைக் கைப்பற்றினால் போலீஸ் அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பல நேரம் அது நடப்பதில்லை. அதிகாரி பதில் சொல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். 2024-இல் இப்படி ஒரு வழக்கில், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு கணக்கை இயக்க அனுமதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஈ.எம்.ஐ. தரும் நிறுவனத்துக்கும் முடக்கம் பற்றி இப்போதே எழுதிவிடுங்கள். சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது கடைசி வரிதான். கணக்கு இன்றைக்கோ நாளைக்கோ திறக்கும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 'எவ்வளவு போச்சு' என்று அவனைக் குடையாமல் பக்கத்தில் உட்காருங்கள். 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல எண். தமிழில் பேசுவார்கள். அவன் பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில இருக்கிறன். என்ர மனுசன் போனில ஸ்லொட் விளையாடுறவர். போன மாதம் 8,400 பவுண்ஸ் வின் எண்டு திரையில காட்டினது, ஸ்க்ரீன்ஷொட் இருக்கு. அடுத்த நாள், 'சொஃப்ட்வெயார் பிழை, உங்களுக்குச் சேர வேண்டியது 210 பவுண்ஸ்தான்' எண்டு கொம்பனி ஈமெயில் போட்டிருக்கு. லைசென்ஸ் உள்ள சைட்தான். சட்டத்தரணி பிடிக்கக் காசில்லை. விட்டிடச் சொல்லுறியளா?
— ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. திருப்பூர்த் தம்பிக்கு இல்லாத வழி உங்களுக்கு இருக்கிறது. இங்கிலாந்திலும் 1845-ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயப் பணத்துக்கு வழக்கே இல்லை என்றுதான் வைத்திருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் அதை மாற்றியது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே பந்தயமும் மற்ற ஒப்பந்தம் போல நீதிமன்றத்தில் நிற்கும்.

நிறுவனத்தின் முறையான புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள், சாட்டில் பேசியது கணக்கில் வராது. ஆடிய நேரம், ஆட்டத்தின் பெயர், வைத்த தொகை எல்லாம் எழுதி, அந்தச் சுற்றின் பதிவைக் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் கணவர் தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, 'இதுதான் எங்கள் முடிவு' என்று அதற்கு முன்பே எழுதிவிட்டாலோ, வெளி நடுவரிடம் போகலாம். உங்களுக்கு அது இலவசம். எந்த நடுவர் அமைப்பு என்று நிறுவனத்தின் புகார் விதிகளில் இருக்கும். ஐபாஸ் பலருக்கும் தெரிந்த ஒன்று. 10,000 பவுண்ட் வரை அவர்கள் சொல்லும் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்கள் தொகை அதற்குள் இருக்கிறது. சூதாட்ட ஆணையத்துக்கு எழுதினால் பணம் வாங்கித் தரமாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லை.

'கோளாறு' என்ற சாக்கு நீதிமன்றத்தில் இரண்டு முறை பெரிதாக அடிபட்டிருக்கிறது. 2018-இல் பெட்ஃபிரெட் ஆப்பில் பிளாக்ஜாக் ஆடிய ஒருவருக்கு 17 லட்சம் பவுண்ட் சேர்ந்தது. மென்பொருள் பிழை என்று நிறுவனம் தர மறுத்தது. பொறுப்பிலிருந்து நழுவ வைத்திருந்த விதிகள் தெளிவாக இல்லை, ஆட்டக்காரரின் கவனத்துக்கும் ஒழுங்காகக் கொண்டுவரப்படவில்லை என்று 2021-இல் நீதிபதி ஃபாஸ்டர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்தது உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கம். க்ளோஸ்டர்ஷர் பெண் ஒருவர் 2020-இல் பேடி பவரில் ஆடியபோது சக்கரம் பெரிய ஜாக்பாட்டில் நின்றது, சுமார் 11 லட்சம் பவுண்ட். நிறுவனம் தந்தது 20,265 பவுண்ட். திரை தப்பாகக் காட்டிவிட்டதாம். 2025 மார்ச்சில் நீதிபதி ரிச்சி, ஆட்டக்காரர் திரையில் பார்த்ததே முடிவு என்று முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னார். விதிகளின் வாசகம் தளத்துக்குத் தளம் மாறும் என்பதால் உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் புகாரில் இந்த இரண்டு தீர்ப்பையும் குறிப்பிடுங்கள்.

நடுவர் முடிவு பாதகமானால் அது உங்களைக் கட்டாது. 10,000 பவுண்ட் வரை சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே போடலாம். முக்கியமாக, அந்த 210 பவுண்டை 'முழுத் தீர்வு' என்று ஒப்புக்கொள்ளும் எந்த ஈமெயிலுக்கும் சரி சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பெட்டிங் சைட்டில் போன பணத்தை மீட்டுத் தருவதாக ஒரு 'சைபர் எக்ஸ்பர்ட்' டெலிகிராமில் வந்தார். பத்து சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: கூடாது. நீங்கள் ஏமாந்த செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது? ஏமாந்தவர்களின் எண்களை விற்கிறார்கள், முதலில் ஏமாற்றியவர்களே வேறு பெயரில் வருவதும் உண்டு. அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் எண்ணோடு சேர்த்து உங்கள் 1930 புகாரில் இணையுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யலாம்.