பதில்: டி90 ஏன் இவ்வளவு நீளமாக வருகிறது?

ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் காமாக் கதிர் வெடிப்புகளைக் கண்காணிக்கும் கருவியான ஜிபிஎம்மின் பட்டியல் 2 நொடிக்கும் குறைவு என்று சொல்லும் காமாக் கதிர் வெடிப்புக்கு உங்கள் கணக்கில் டி90, அதாவது வெடிப்பு நீடித்த நேரத்தின் அளவு, 40 நொடி வருகிறது, அந்தக் கருவியின் 12 சோடியம் அயோடைடு உணரிகளையும் கூட்டினேன் என்கிறீர்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையைப் பார்ப்பவை. வெடிப்பின் திசையிலிருந்து 60 பாகைக்குள் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை இரைச்சலைத்தான் கூட்டும்.

அப்புறம் பின்னணி, அதாவது வெடிப்பு இல்லாதபோதும் உணரிகளில் பதிவாகும் எண்ணிக்கை. உங்கள் நேரத்தை இதில்தான் செலவிட வேண்டும். செயற்கைக்கோள் நகர நகர பின்னணி எண்ணிக்கை மெல்ல ஏறி இறங்கும். ஒரே சராசரியைக் கழித்தால் ஒரு சரிவு மிஞ்சும். மொத்த எண்ணிக்கை 5 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டை எட்டும் நேரம்தானே டி90? அந்தச் சரிவும் வெடிப்பாகவே எண்ணப்பட்டுவிடும். வெடிப்புக்கு முன்னும் பின்னும் அமைதியான பகுதிகளை எடுத்து, இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்திக் கழியுங்கள். பிறகு திரள் எண்ணிக்கையை, அதாவது தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண்ணிக்கையை, வரைந்து பாருங்கள். இரு ஓரமும் தட்டையாக இல்லையென்றால் பகுதிகளை மாற்றி மறுபடி பொருத்துங்கள்.

பட்டியலின் டி90 50 முதல் 300 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரம்பில் கணக்கிட்டது. நீங்களும் அதே வரம்பை எடுங்கள். எண்ணிக்கையைப் பிரித்து எண்ணும் நேரப் பெட்டி 64 மில்லிநொடி போதும்.