பேனாவில் இந்தியன் இங்க் அடைத்துக்கொண்டால்

உறையில் எழுதிய முகவரி மழையில் கரைந்ததால் ஊற்றுப் பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றினேன், இரண்டே நாளில் பேனா அடைத்துக்கொண்டது என்கிறீர்கள். அது தொட்டெழுதும் பேனாவுக்கான மை. பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும், காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வீட்டு அம்மோனியா, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. நிப்பையும், அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையையும் இரவு முழுக்க அதில் போடுங்கள். பித்தளைப் பாகங்களை மட்டும் போடாதீர்கள். வெந்நீர், ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம், பிளாஸ்டிக் கெடும்.

அப்புறம், பேனாவுக்கென்றே செய்த மை வாங்குங்கள். பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ இரண்டும் நுண்துகள் மைகள். துகள் தாளில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் நிற்கும். நூட்லர்ஸ் பிளாக் வேறு வகை. அதன் சாயம் தாளின் செல்லுலோஸோடு பிணைந்தால்தான் நிலைக்கும். வழவழப்பான உறையில் காய்ந்த பிறகும் விரலில் ஒட்டும். உங்கள் வேலைக்கு நான் கார்பன் பிளாக்கைத்தான் எடுப்பேன்.

ஆனால் அதையும் பேனாவில் காயவிடக் கூடாது. தினமும் எழுதினால் சிக்கலில்லை. ஊருக்குப் போகிறீர்களா? மையைக் கொட்டி, தெளிந்த நீர் வரும்வரை அலசிவிட்டுப் போங்கள். மூடி இறுக்கமில்லாத பேனாவென்றால் இந்த மையே வேண்டாம்.