சார்லஸ்டனில் எரிந்த தபால் மூட்டைகள்

கேள்வி: ரேடியோ, டிவி எதுவும் இல்லாத காலத்தில் அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் தங்கள் கருத்தை எப்படிப் பரப்பினார்கள்? யாரும் தடுக்கவில்லையா?

பதில்: அச்சையும் தபாலையும் நம்பித்தான். நீராவி அச்சு இயந்திரம் வந்ததும் செலவு மளமளவென்று குறைந்தது, பத்திரிகைகளுக்குத் தபால் கட்டணமும் சொற்பம். 1835 கோடையில் நியூயார்க்கில் இருந்த அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம், அடிமை முறை இருந்த தென் மாநிலங்களின் பாதிரியார்கள், ஊர்ப் பெரியமனிதர்கள் என்று கேட்காதவர்களுக்கும் கட்டுக்கட்டாகப் பிரசுரங்களை அனுப்பியது. ஜூலை 29 இரவு தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் ஒரு கும்பல் தபால் நிலையத்துக்குள் புகுந்து அந்த மூட்டைகளைத் தூக்கிப்போய், மறுநாள் இரவு பெருங்கூட்டம் வேடிக்கை பார்க்கக் கொளுத்தியது.

அதைவிடக் கொடுமை அப்புறம் நடந்தது. தபால் துறைத் தலைவர் ஏமாஸ் கெண்டல், உள்ளூர் அதிகாரிகள் இந்தப் பிரசுரங்களை நிறுத்திவைத்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டார். தானே அடிமைகளை வைத்திருந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், இவற்றைத் தபாலில் அனுப்பவே தடைச் சட்டம் கேட்டார். நாடாளுமன்றம் கொடுக்கவில்லை, 1836 சட்டம் தபாலை வேண்டுமென்றே நிறுத்திவைப்பதைக் குற்றமாக்கியது. ஆனாலும் தெற்கில் அந்தப் பிரசுரங்கள் போய்ச் சேரவில்லை.

சரி, தபால் அடைபட்டதும் எதிர்ப்பாளர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுக்களைக் குவித்தார்கள், அதில் பெண்கள் திரட்டிய கையெழுத்துகள் ஏராளம். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையோ அதே 1836-இல் அந்த மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்க விதி போட்டது. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் விடாமல் சண்டை போட்டு, 1844 டிசம்பரில் அதை நீக்கவைத்தார்.