கடைப் பலகை எழுத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் பலகாரக் கடை திறக்கப்போகிறேன். பெயர்ப்பலகைக்கு டிசைனர் காட்டிய குண்டு குண்டான உருண்டை எழுத்து மனசுக்குப் பிடித்துவிட்டது. ‘பாலூ தம்பி’ என்று பெயராம். டிசைன் கூலி போக, ஃபான்ட்டுக்கு மட்டும் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஃபான்ட்டுக்கு என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாலூ தம்பியை உருவாக்கியது மும்பையில் உள்ள ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நீங்களே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இது திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானது. அதாவது பலகை, பெட்டி, பை, விளம்பரம் என்று வியாபாரத்துக்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனிச் சரக்காக விற்கக் கூடாது என்பதும் அதே உரிமத்தில் உள்ள நிபந்தனை. டிசைனர் கேட்பது அந்த விற்பனைக்கான காசு. எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்து, உங்கள் கடைப் பெயருக்கு ஏற்ப வளைத்துக் கொடுத்தால் அது அவர் உழைப்பு. அதற்குக் கேட்டால் மனமாரக் கொடுங்கள், பில்லில் வேலையின் பெயரைப் போடச் சொல்லி.

எனக்கு மிகவும் பிடித்த எழுத்துருக் குடும்பம் இது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சகோதரன்: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. முதலில் ஒரே தடிமனில் வந்தது. பிறகு வந்த ‘பாலூ தம்பி 2’இல் ஐந்து தடிமன்கள் உண்டு.

ஒன்றில் கவனம் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற எல்லா ஃபான்ட்டும் இப்படியல்ல. ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றிருந்தால் கடைப் பலகைக்கு ஆகாது. கூடவே வரும் உரிமக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டே அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: அதே எழுத்தில் ஒளிரும் பலகை செய்யலாமா? பெட்டியின் பின்பக்க விவரங்களுக்கும் அதையே போடலாமா?

பதில்: பலகைக்கு அருமையாகப் பொருந்தும். கோடு தடிமனாக இருப்பதால் கட் லெட்டருக்குள், அதாவது தனித்தனியாக வெட்டிப் பொருத்தும் எழுத்துக்குள், எல்இடி வைக்க இடம் கிடைக்கும். சுழலும் முனையால் வெட்டும் இயந்திரம் என்றால், அந்த முனையே உருண்டை. கூர்மையான உள்மூலைகளை அதனால் அப்படியே வெட்ட முடியாது. உருண்டை எழுத்தில் அந்தச் சிக்கலே குறைவு. ஆனால் புள்ளியைப் பாருங்கள். தடித்த எழுத்தில் புள்ளி உடலோடு ஒட்டிக்கொண்டால் ‘பால்’ தூரத்தில் ‘பால’ ஆகிவிடும். மாதிரியைத் தாளில் அச்சடித்து, எதிர்ச் சாரியில் நின்று படித்துப் பாருங்கள். வெட்டக் கொடுக்கும்போது, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக (‘கர்வ்’) மாற்றிய பிடிஎஃப்பை டிசைனரிடம் கேட்டு வாங்கி நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் கணினியில் ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது.

பின்பக்கத்துக்கு மட்டும் வேண்டாம். சிறிய அளவில் ண, ழ, இ ஆகியவற்றின் சுழிகள் மை நிரம்பி அடைந்துபோகும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று வாங்குகிறவர் படிக்கும் இடம் அது. அதே ஏக் டைப்பின் ‘முக்த மலர்’ ஏழு தடிமன்களில் இருக்கிறது, அதுவும் இலவசம். பெயருக்குத் தம்பி, விவரத்துக்கு மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.